சின்னமனூரில் ஒரு செயின் உளி

ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை ஐந்தரை மணிக்கு மேலூரில் பஸ் ஏறினேன். ஊர் சுற்றிப் பார்க்கிற பயணம் இல்லை. ஒரு மெஷினைத் தேடிப் போனேன்.

நான் தச்சன். எங்கள் ஊருக்கும் தெற்குக் குடியிருப்புக்கும் நடுவே பெரியாறு பாசனக் கால்வாயின் கிளை ஒன்று ஓடுகிறது. தண்ணீர் இல்லாத மாதங்களில் உள்ளே இறங்கி ஏறிவிடலாம். தண்ணீர் திறந்துவிட்டால் இரண்டு பனந்தடிதான் பாலம். போன வருஷம் அதுவும் இற்று விழுந்துவிட்டது. ஆட்டோ சுற்றி வர ஆறு கிலோமீட்டர், அதில் பாதி களிமண் பாதை. அக்கரையில் என் தங்கை பாண்டியம்மாள் குடியிருக்கிறாள். அவள் மகள் சுகன்யா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள், ரத்தக்கொதிப்பு வேறு. டாக்டர் சொன்ன நாள், கால்வாய் கரைதொட ஓடுகிற நாட்களில் வருகிறது. சிமெண்டுப் பாலம் வரும் என்கிறார்கள். வரட்டும். பிள்ளை அதுவரை காத்திருக்காது.

அதனால் ஆட்டோ போகிற அளவுக்கு ஒரு மரப்பாலம் போடுவது என்று ஊரில் முடிவானது. இடித்துப்போட்ட அரிசி மில் ஒன்றின் வேங்கை உத்திரங்கள் கிடைத்தன. பன்னிரண்டடி நீளம், பத்தங்குலக் கனம், இரும்பு மாதிரி மரம். அவற்றில் ஒன்று கெட்டாலும் மாற்றுக்கு வேறு கிடையாது. இவற்றைக் கோக்க, இரண்டங்குல அகலத்தில் ஆறங்குல ஆழத்துக்குச் சதுரத் துளைகள் இருபத்திரண்டு வெட்ட வேண்டும். சாரத்திலிருந்து விழுந்ததில் என் வலது தோள் போய்விட்டது. சுத்தியலைத் தொடர்ந்து கால் மணி நேரம் ஓங்க முடியாது. கூட வேலை பார்த்தவர்களெல்லாம் பிளைவுட்டுக்கும் மாடுலர் கிச்சனுக்கும் போய்விட்டார்கள். வேங்கை என்று சொன்னதும் அவர்களுக்குப் போனில் சிக்னல் போய்விடுகிறது.

இதற்கென்று ஒரு மெஷின் உண்டு. மரம் அறுக்கிற செயின் ரம்பத்தைக் குட்டையாக்கி, தாங்கிக்கால் வைத்து மரத்தின் மேலேயே இறுக்கி நிறுத்தினால் எப்படியோ அப்படி இருக்கும். கைப்பிடியை அழுத்தினால் செயின் நேராக மரத்துக்குள் இறங்கிச் சதுரமாகத் துளைத்துவிட்டு மேலே வரும். மரத்தை மெஷினிடம் தூக்கிப் போக வேண்டாம், மெஷினை மரத்திடம் தூக்கிப் போகலாம். எங்கள் தொழிலில் அதைச் செயின் உளி என்போம். மதுரைக் கடைகளில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை லட்சத்தைத் தாண்டும், வந்து சேர ஆறு வாரமாகும். தேனிப் பக்கம் ஒருவர் வைத்திருக்கிறார் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் கிளம்பினேன்.

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து தேனி எழுபத்தாறு கிலோமீட்டர். உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறி இறங்கியதும் காற்று மாறியது. காற்றாலைகள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆண்டிபட்டியில் வைகை அணைக்கு வழிகாட்டும் பலகையைப் பார்த்ததும் விரல்விட்டு நாட்களை எண்ணினேன். அந்த அணையில் மதகைத் தூக்கினால் தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்துவிடும்.

ஒன்பதரை மணி. தேனிக் கடைவீதியில் நாலு கடை ஏறி இறங்கினேன். மூன்று கடைகளில் டிரில்லையும் கட்டரையும் எடுத்து நீட்டினார்கள். ஒரு பையன் செல்போனில் படம் காட்டி, "இதா சார்?" என்றான். அது தேங்காய் உரிக்கிற மெஷின். நாலாவது கடைக்காரர் வெள்ளைச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக இருந்தார். நான் சொல்லி முடிக்கும் முன்னே தலையாட்டினார்.

"செயின் உளிதான? எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கத்துலயே ஒண்ணுதான் இருக்கு. சின்னமனூர்ப் பக்கம் தங்கராசுன்னு ஒருத்தர். மேகமலை எஸ்டேட்டுல கூரை வேலை, குமுளிப் பக்கம் மரவீட்டு வேலை எல்லாம் அவுகதான் பாக்குறாக. செயினுக்கு ஆயில் இங்கனதான் வாங்குவாக."

"போன் நம்பர் இருக்கா?"

"இருக்கு. ஆனா நாலஞ்சு நாளா எடுக்க மாட்டேங்கிறாக. மேகமலை ஏறிட்டா டவர் கிடைக்காது. நீங்க நேர்ல போயிருங்க." பிறகு ஒரு நொடி யோசித்துவிட்டு, "விக்கிற ஆளு இல்ல. கேட்டுப் பாருங்க" என்றார்.

தேனியிலிருந்து சின்னமனூர் இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். வீரபாண்டியில் முல்லையாறு சாலையோரம் தெரிகிறது. கலங்கலாக, நிறைய ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த விவசாயி ஒருவர் நான் எந்த ஊர் என்று விசாரித்தார். மேலூர் என்றதும் ஆற்றைக் கை காட்டினார்.

"அங்கன போற தண்ணிதான் உங்களுக்கு. மேல நல்ல மழை. இன்னும் மூணு வாரத்துல தொறந்துருவாக, பாருங்க."

சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

பதினோரு மணிக்குச் சின்னமனூரில் இறங்கி மினிபஸ் பிடித்தேன். அந்தக் கிராமத்தின் பெயரை எழுதவில்லை. துக்க வீட்டுக்கு வேடிக்கை பார்க்க யாரும் போக வேண்டாம். இரண்டு பக்கமும் வாழை, அதற்கப்பால் தென்னை, அதற்கப்பால் மலை. தங்கராசு வீடு எது என்று கேட்டதற்கு ஒரு பெண் வாயைத் திறக்காமல் தெருவின் கோடியைக் காட்டினாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தெருக்கோடியில் கீற்றுப் பந்தல். பந்தலுக்குள் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள், தோளில் துண்டு. எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைப் பார்த்தால் மூளை வேலை செய்வதற்கு முன் கை வேலை செய்துவிடும். என் இரண்டு கைகளும் தாமாக நீண்டன. முதல் நாற்காலியில் இருந்தவர் தொட்டு வாங்கினார். அடுத்தவர் தொட்டார். வரிசை முழுவதும் பேச்சில்லாமல் கை கொடுத்துவிட்டுக் கடைசியில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து, சுவரோரம் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். கீழே பெயர் இருந்தது. தங்கராசு.

கேதம் கேட்டுக் கை கொடுத்தவன் அந்த வீட்டில் கொடுக்கல் வாங்கல் பேசக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் கை கொடுத்தேனா என்றால் இல்லை. பக்கத்தில் இருந்தவர், நாற்பது வயதிருக்கும், கண்கள் வீங்கியிருந்தன, மெதுவாகக் கேட்டார்.

"எங்கனருந்து வாறீக?"

"மேலூர்ப் பக்கம்."

"அம்புட்டுத் தூரத்துலருந்தா!" அவர் குரல் உடைந்தது. "மச்சானுக்கு எங்கெல்லாம் மனுசங்க இருந்திருக்காக, பாருங்க. வேலைல நின்னுக்கிட்டே நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாக. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் இருந்தாக."

அவர் தங்கராசுவின் மனைவியுடைய தம்பி, முருகேசன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முன்பின் தெரியாத மனிதனுக்காக என் கண்ணும் கலங்கியது, அது பொய்யில்லை. ஆனால் அதே கண், முற்றத்தில் சாக்குப் போட்டு மூடியிருந்த ஒன்றையும் பார்த்துவிட்டது. சாக்கின் அடியில் ஒரு கனமான உத்திரம். பாதி வெட்டிய துளை.

கால் மணி நேரம் இருந்துவிட்டு, வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் எழுந்தேன். வெளியே போகிற வழி முற்றத்தை ஒட்டித்தான். புத்தி கேட்கவில்லை. குனிந்து சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். சுத்தமான மெஷின். செயினில் துருவில்லை. நிமிர்ந்தபோது, வாசற்படியை ஒட்டிப் பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் தங்கராசுவின் மனைவி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாக்கை விட்டுவிட்டு வேகமாக நடந்தேன். உடம்பெல்லாம் கூசியது.

ஒரு மணிக்கு மினிபஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். முருகேசன் பைக்கில் வந்து இறங்கினார்.

"அக்கா கேக்கச் சொன்னாக. நீங்க மச்சானப் பாக்க வந்தீகளா, மெஷினப் பாக்க வந்தீகளா?"

"மெஷினைத்தான்" என்றேன். "துட்டி வீடுன்னு தெரியாது. பந்தலப் பாத்ததும் கை தானா நீண்டுருச்சு."

"கையக் குடுத்துட்டுச் சாக்கத் தூக்கிப் பாக்குறது என்னய்யா பழக்கம்? நான் உங்கட்ட அழுதேனே!"

அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். கால்வாயைச் சொன்னேன், பனந்தடியைச் சொன்னேன், சுகன்யாவைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் போனை எடுத்து, "அக்கா, நீயே கேளு" என்று என் கையில் கொடுத்தார். துக்க வீட்டிலிருந்து கிளம்பியவன் திரும்பி அந்த வாசல் ஏறக் கூடாது. நிறுத்தத்தில் நின்றபடி இன்னொரு தடவை எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுமுனையில் குரல் தணிந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை. "மெஷின விக்க மாட்டேண்ணே. வாடகைக்கும் வெளிய அனுப்ப மாட்டேன். ரெண்டு பொம்பளப் பிள்ளைக படிக்குதுக. இனி எங்களுக்கு அதுதான் சோறு. மரத்த இங்கன கொண்டாந்து போடுங்க. காரியம் முடிஞ்ச மறுநா வெட்டித் தாறேன்."

"யாரு வெட்டுவா?"

"நாந்தான்."

"இதுக்கு முன்னாடி ஓட்டிருக்கியாம்மா?"

"கோடு போட்டுருக்கேன். மறு முனைய நான்தான் பிடிப்பேன். கைப்பிடியத் தொட்டதில்ல" என்றார்.

இதை வாசிக்கிறவர்கள் என் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். மாற்று மரம் கிடையாது. கைப்பிடியைத் தொடாதவர், கணவனைப் பறிகொடுத்த கை. வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்? வேண்டாம் என்றால் வெறுங்கையோடு ஊருக்குப் போய் என் தங்கையின் முகத்தைப் பார்க்க வேண்டும். "சரிம்மா" என்றேன். தைரியத்தால் சொன்னதில்லை. வழியில்லாமல் சொன்னது.

காரியம் முடிந்த அன்று ராத்திரி மேலூரில் உத்திரங்களை ஏற்றினோம். வண்டி வாடகை ஆறாயிரம். டிரைவர் கணவாய் முழுவதும் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆண்டிபட்டியில் பாட்டை நிறுத்திவிட்டார். அணையில் தண்ணீர் திறக்க நாள் குறித்தாயிற்று என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கணக்குப் போட்டால், துளை போடுவதற்கு இரண்டு நாட்களுக்கு மேல் தர முடியாது.

காலை ஏழு மணிக்கு வீட்டு முற்றத்தில் மரத்தை இறக்கினோம். பந்தலைப் பிரித்திருந்தார்கள். அந்த அம்மா கணவரின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. மரத்தைச் சுற்றி வந்து, மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டார். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் என் பாதிப் பயம் போனது. மீதிப் பாதி போகவில்லை.

அதற்குள் தங்கராசுவின் அண்ணன் வந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சத்தம் போட்டார்.

"தம்பி செத்து முப்பது கழியல. அதுக்குள்ள இந்த வீட்ல மெஷின் சத்தமா? ஊரு என்ன சொல்லும்?"

அந்த அம்மா கோடு போடுவதை நிறுத்தவில்லை. "மாமா, நேத்து இந்த வீட்ல அடுப்புப் பத்த வச்சாச்சு. அது முப்பது வரைக்கும் காத்திருக்கல."

அண்ணன் முருகேசனைப் பார்த்தார். முருகேசன் தரையைப் பார்த்தார். பிறகு பிளக்கை எடுத்துக்கொண்டு போய்ச் செருகினார். அண்ணன் கோபித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

மெஷின் இருபது கிலோவுக்குக் குறையாது. நானும் முருகேசனும் அதைத் தூக்கிக் கோட்டின் மேல் நிறுத்தித் திருகி இறுக்கினோம். அந்த அம்மா என்னை உத்திரத்தின் மறு முனைக்குப் போகச் சொன்னார்.

"மில்லு மரம். உள்ள ஆணி எங்கன இருக்கும்னு தெரியாது. காந்தம் மேலாப்புல இருக்குறதத்தான் காட்டும். ரெண்டு உள்ளங்கையையும் மரத்துல வைங்கண்ணே. செயின் மரத்துல போறப்ப ஒரு அதிர்வு இருக்கும். அது மாறுனா கையத் தூக்கிருங்க. சத்தத்துல ஒண்ணும் காதுல விழுகாது. நான் உங்க கையத்தான் பாப்பேன்."

"நீ கோட்டப் பாக்க வேணாமாம்மா?"

"கோட்ட மெஷின் பாத்துக்கிரும். அவுக எங் கையத்தான் பாப்பாக."

கைப்பிடியைப் பிடித்தார். அழுத்தவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, செயின் வெறும் காற்றில் சுற்றியது. அந்த அம்மாவின் கண்கள் என் கைகளில் இருந்தன, ஆனால் என் கைகளைப் பார்க்கவில்லை. கண்ணீர் தாடை வரைக்கும் வந்துவிட்டது. நான் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு அழுத்தினார்.

வேங்கைத் தூள் ரத்தச் சிவப்பாகப் பறந்தது. என் உள்ளங்கைக்குள் மரம் உறுமியது. கால் அங்குலம், அரை அங்குலம், இரண்டு அங்குலம் என்று அதிர்வின் கனம் கூடிக்கொண்டே போனது. ஆறங்குலம் இறங்கியதும் செயினை மேலே தூக்கி நிறுத்தினார். நான் ஓடிவந்து துளைக்குள் அளவுக்கோலை விட்டேன். நான்கு பக்கமும் நேர். தலையை ஆட்டினேன்.

மத்தியானத்துக்குள் ஆறு துளைகள். சாப்பாட்டுக்குப் பிறகு, எட்டாவதோ ஒன்பதாவதோ, அதிர்வு மாறியது. சட்டென்று, பல்லில் கல் பட்ட மாதிரி. கையைத் தூக்கினேன். அந்தக் கணத்திலேயே செயின் மேலே வந்துவிட்டது. துளையைக் கிளறிப் பார்த்தால் மூன்றங்குல ஆழத்தில் துருப்பிடித்த பழைய ஆணி. செயினில் ஒரு பல் மட்டும் மழுங்கியிருந்தது. இன்னும் ஒரு நொடி அழுத்தியிருந்தால் செயின் அறுந்து முகத்துக்கே வந்திருக்கும். முருகேசன் வெளிறிப்போய் நின்றார். அந்த அம்மா ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "கை நல்லாப் பேசுதுண்ணே" என்றார். இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ பேர் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். அதில் எதுவும் எனக்கு இந்த அளவுக்குத் தித்தித்ததில்லை.

அன்று சின்னமனூர் லாட்ஜில் படுத்தேன். அறை நானூறு ரூபாய், கொசு இலவசம். உள்ளங்கை இரண்டும் தூக்கத்திலும் அதிர்ந்துகொண்டே இருந்தன.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு இருபத்திரண்டும் முடிந்தன. கூலியை அந்த அம்மா சொன்னார், நான் கொடுத்தேன். குறைக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை, கூட்டிக் கொடுத்து அவமானப்படுத்தவும் இல்லை. உத்திரங்களை ஏற்றும்போது தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தங்கராசுவின் அண்ணன் மட்டும் தூரத்தில் நின்று, லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது "லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி" என்று டிரைவருக்குக் கை காட்டினார்.

வீரபாண்டியில் மறுபடியும் ஆற்றை ஒட்டி வந்தோம். அதே தண்ணீர், நாங்கள் போகிற திசைக்கே போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் கால்வாய்க்குத் தண்ணீர் நாள் பார்த்து, கேட்டால்தான் வருகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் அது பாட்டுக்குப் போகிறது. இரண்டு ஊருக்கும் இதுதான் வித்தியாசம் என்று டிரைவரிடம் சொல்ல நினைத்தேன். அவர் பாட்டைக் கூட்டி வைத்துவிட்டார்.

ஊரில் நான் துளைகளில் செருகுகிற முனைகளை, அதாவது கழுந்துகளை, செதுக்கினேன், பிள்ளைகள் தடி பிடித்தார்கள். ஒவ்வொரு துளையிலும் கழுந்து இறுக்கமாக இறங்கியது. ஆப்பு வைக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. பாலம் முடிந்த நாலாம் நாள் கால்வாயில் நுரையோடு முதல் தண்ணீர் வந்தது. டாக்டர் சொன்ன நாளுக்கு ஒன்பது நாள் முன்னாலேயே சுகன்யாவுக்கு வலி கண்டது. ஆட்டோ பாலத்தின் மேல் போனபோது நான் கீழே கரையில் நின்று, கரையோரக் காலின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தேன். மரம் ஒரு தடவை முனகியது, அவ்வளவுதான். பெண் குழந்தை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

அன்றைக்கே முருகேசன் நம்பருக்குப் போன் போட்டு அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன்.

"பாலம் ஆடுதாண்ணே?"

"இல்லம்மா."

"கழுந்து?"

"அசையல."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. தேனிக் கடைக்காரரிடமும் எங்கள் பக்கத்து ஆட்களிடமும் தங்கராசு வீட்டில் வேலை நடக்கிறது என்று சொல்லி வைக்கிறேன் என்றேன்.

"அவுக பேரச் சொல்லாதீகண்ணே" என்றார். "அவுக பேரச் சொன்னா, அவுகளத் தேடி வந்து, இல்லைன்னதும் திரும்பிப் போயிருவாக. ரெண்டு பேரு அப்படிப் போயிட்டாக. எம் பேரச் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இரண்டு நாட்கள் ஒரே மரத்தில் கை வைத்திருந்தும் அவர் பெயரை நான் கேட்கவே இல்லை என்று. கேட்டேன். சொன்னார்.

கனமான மரத்தில் துளை போட வேண்டியவர்கள் தேனியிலிருந்து கம்பம் பஸ்ஸில் ஏறிச் சின்னமனூரில் இறங்கலாம். மினிபஸ் ஸ்டாண்டில் செயின் உளி ஈஸ்வரி என்று கேளுங்கள்.